பழைய கண்ணாடியிழைத் தூண்டில் தடிக்கு மீண்டும் மவுசு: வளைவின் கணக்கும் பராமரிப்பும்

காபன் தடி இலேசானது, தூரம் எறியும், புதிதாகவே கிடைக்கிறது. அப்படியிருக்க, அறுபது வருடத்துக்கு முந்திய கண்ணாடியிழைத் தடியை ஏன் தேடுகிறார்கள்? கொழும்பில் பழைய வீடொன்றை இடிக்கும்போதோ, மலைநாட்டு பங்களாச் சாமான் ஏலத்துக்கு வரும்போதோ துணியுறைக்குள் இரண்டு மூன்று துண்டாக இப்படி ஒரு தடி வெளிப்படுகிறது. எடுத்தவர் ஒரு தரம் ஆட்டிப் பார்க்கிறார். நுனி மட்டுமன்றி இடுப்புவரை வளைந்து, ஆடி அடங்க நேரமெடுக்கிறது. ‘பழுதாகிப் போச்சு’ என்று வைத்துவிடுகிறார், அல்லது ‘புராதனப் பொருள்’ என்று சுவரில் மாட்டுகிறார்.

இரண்டும் தவறு. அந்த மெதுவான வளைவு தடியின் இயல்பு. பழைய தடியை நேசிப்பவர்கள் நேசிப்பதும் அதைத்தான். அதற்கு அளந்து சொல்லக்கூடிய பௌதிகக் காரணம் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டால் எந்த நூல் போடுவது, எப்படி எறிவது, எதைத் திருத்துவது, எதைத் தொடாமல் விடுவது என்பதெல்லாம் ஒழுங்காக விளங்கும்.

முதலில் அடிப்படை: ஃபிளைத் தூண்டிலில் எறியப்படுவது எது?

சாதாரணத் தூண்டிலில் ஈயமோ இரையோ பாரமாகப் பறக்கும். மெல்லிய தங்கூசி அதன் பின்னால் இழுபட்டுப் போகும். ஃபிளைத் தூண்டிலில் இது தலைகீழ். ஃபிளை என்பது கொக்கியில் இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சி. அதற்குப் பாரமே கிடையாது. பாரம் முழுவதும் தடித்த, மேற்பூச்சுள்ள நூலில் இருக்கிறது. அந்த நூலைப் பின்னால் வீசி, அது காற்றில் நேராக விரிந்ததும் முன்னால் வீசவேண்டும். விரிந்த நூலின் பாரம் தடியை வளைக்கிறது. வளைந்த தடி நிமிரும்போது நூல் முன்னே பாய்கிறது. நூலின் நுனியில் ஏழெட்டு அடித் தங்கூசி, அதன் முனையில் ஃபிளை.

ஆகவே தடி என்பது ஒரு வில். எந்தப் பாரத்துக்கு எவ்வளவு வளையும், எவ்வளவு வேகமாக நிமிரும் என்ற இரண்டும்தான் அதன் குணம்.

கண்ணாடி எப்படித் தடியானது

1940கள்வரை நல்ல ஃபிளைத் தடி என்றால் தெற்குச் சீனாவின் டொங்கின் மூங்கிலை ஆறு கீற்றாகச் சீவி ஒட்டியது. 1940களின் நடுவில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் பிளாஸ்டிக் நிறுவனமொன்றில் பணிபுரிந்த ஆர்தர் ஹோவால்ட், தன் மூங்கில் தடியின் நுனி முறிந்தபோது கண்ணாடியிழையையும் ரெசின் என்ற இறுகும் பிசினையும் வைத்து மாற்று நுனி செய்தார். அந்த முறையை மிச்சிகனின் ஷேக்ஸ்பியர் நிறுவனம் எடுத்துக்கொண்டது. 1947 வாக்கில் வந்த ‘வொண்டர்றொட்’ என்ற வெள்ளைத் தடி அதன் விளைவு. 1950 இறுதியில் அமெரிக்கா சீனப் பொருட்களுக்குத் தடை போட்டதும் மூங்கில் வரத்து நின்றது. அதன்பின் கண்ணாடியிழைக்குப் போட்டியே இல்லாமற் போயிற்று.

பிறகு பரவிய செய்முறை இது. கண்ணாடியிழைத் துணியைப் பீனோலிக் ரெசினில் தோய்த்து, ஒரு முனையில் ஒடுங்கும் இரும்புக் கம்பியைச் சுற்றி உருட்டுவார்கள். அதன்மேல் செலோபேன் நாடாவை இறுக்கிச் சுற்றிப் போறணையில் வேகவைப்பார்கள். ஆறியதும் கம்பியை உருவினால் உள்ளே வெற்றான குழாய் கிடைக்கும். பழைய தடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரியும் மெல்லிய சுருள் வரிகள் அந்த நாடாவின் தடம். வெடிப்பென்று பயப்படத் தேவையில்லை. தேன் நிறம், கபில நிறம் பெரும்பாலும் பீனோலிக் ரெசினால் வந்தது.

1960களில் ஃபென்விக் நிறுவனம் உலோக மூட்டை எடுத்துவிட்டு, தடிக்குள் தடியே செருகும் கண்ணாடி மூட்டைக் கொண்டுவந்தது. 1973இல் அதே ஃபென்விக் காபன் இழைத் தடியைச் சந்தைக்கு விட்டது. சில வருடங்களுக்குள் கண்ணாடியிழை பின்னுக்குப் போய்விட்டது. 1947 முதல் 1973 வரையான இந்தக் கால் நூற்றாண்டுத் தடிகளையே இன்று தேடுகிறார்கள்.

ஏன் மெதுவாக வளைகிறது: மூன்று எண்கள்

1. *விறைப்பு.* இழுத்தால் எவ்வளவு இடங்கொடுக்காது என்பதன் அளவு. சாதாரணக் கண்ணாடியிழைக்கு ஏறத்தாழ 72 கிகாபாஸ்கல். உயர்தர எஸ்-கண்ணாடி இழைக்கு 85 முதல் 90. வழமையான காபன் இழைக்கு ஏறத்தாழ 230.

2. *அடர்த்தி.* கண்ணாடியிழை ஒரு கன சென்ரிமீற்றருக்கு 2.5 முதல் 2.6 கிராம். காபன் 1.8 கிராம்.

3. *முறியுமுன் நீட்சி.* கண்ணாடியிழை நாலரை சதவீதம்வரை நீளும். காபன் இரண்டு சதவீதத்துக்குள் முறிந்துவிடும்.

விறைப்பை அடர்த்தியால் வகுத்தால் கண்ணாடிக்கு 28, காபனுக்கு 128 அளவில் வரும். ஒரே வடிவமுள்ள இரண்டு தடி ஆடும் வேகம் இந்த எண்ணின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அதன்படி காபன் தடி ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமாக நிமிரும். இது தனி இழைகளின் கணக்கு. ரெசின், துணியின் நெசவு, தடி ஒடுங்கும் விதம் எல்லாம் சேர்ந்தால் வித்தியாசம் கூடிக் குறையும், ஆனால் திசை மாறாது.

விளைவுகள் நேரடியானவை. ஒரே நூலைத் தாங்க கண்ணாடித் தடி தடிப்பாகவும் பாரமாகவும் இருக்கவேண்டும். ஆறாம் எண் நூலுக்கான (எண் நூலின் பாரத்தைக் குறிக்கும், விளக்கம் கீழே) எட்டடித் தடி சாதாரணமாக 100 கிராமைத் தாண்டும். நீளம் கூடக்கூட நுனிப் பாரம் கையை இழுக்கும். அதனால் ஏழு முதல் எட்டரை அடிக்குள்தான் கண்ணாடி அழகாக வேலை செய்கிறது. ஒன்பதடிக் கண்ணாடித் தடியைப் பழமைக்காக வைத்திருக்கலாம், நாள் முழுவதும் வீசுவதற்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

நன்மைப் பக்கம் இன்னும் பெரிது. ஐந்தாறு மீற்றர் நூல் வெளியே இருந்தாலே தடி வளைந்து வேலை செய்யும். வேகமான காபன் தடி அந்தத் தூரத்தில் விறைத்தே நிற்கும். மீன் திடீரென இழுத்தால் நுனி இடங்கொடுத்து மெல்லிய தங்கூசியை அறாமல் காக்கும். சின்ன மீன் வந்தாலும் தடி கைப்பிடிவரை சொல்லும். ஏக்கம் என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் பெரும்பங்கு இந்தக் கை உணர்வுதான். புதிதாகவே கண்ணாடித் தடி செய்யும் நிறுவனங்கள் இன்றும் இருப்பது இதனால்தான். ஸ்கொட், ஓர்விஸ் போன்றவை அப்படிச் செய்திருக்கின்றன.

இலங்கையில் ஏன் இவை இருக்கின்றன

ட்ரவுட் இந்த நாட்டு மீன் கிடையாது. 1880களில் தோட்டத்துரைமார் பிரித்தானியாவிலிருந்து முட்டையாகக் கொண்டுவந்து நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் விட்டார்கள். வானவில் ட்ரவுட் பின்னர் ஹோர்ட்டன் சமவெளி நீரோடைகளில் நிலைத்தது. ஃபிளைத் தூண்டில் இங்கு வந்த வழி அதுவே.

காலக்கணக்கைப் பொருத்திப் பாருங்கள். கண்ணாடித் தடி பரவிய 1950கள், துரைமார் இன்னும் மலையில் இருந்த காலம். 1960களில் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு இறக்குமதியை இறுக்கியது. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டபோது உலகம் காபனுக்கு மாறிக்கொண்டிருந்தது. ஆகவே இங்கு பழைய வீடுகளில் அகப்படும் கண்ணாடித் தடி பெரும்பாலும் முதற் பதினைந்து இருபது வருடத்தைச் சேர்ந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம்: உலோக மூட்டு, வார்னிஷ் பூச்சு, எண் இல்லாமல் எழுத்துக் குறியீடு. இந்த மூன்றும் கீழே வரும் குழப்பங்களின் வேர்.

இன்று இதை எங்கே பாவிப்பது? மலை ஓடையில் எறியும் தூரம் ஐந்து முதல் எட்டு மீற்றர். கண்ணாடிக்கு அளந்து வைத்ததுபோன்ற இடம். தேசியப் பூங்கா எல்லைக்குள் தூண்டில் போட முன் வனசீவராசிகள் திணைக்களத்திடம் கேட்டறிவது கட்டாயம். இன்னொன்றையும் அழுத்திச் சொல்லவேண்டும்: ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் வேறெங்கும் இல்லாத இறால் இனம் வாழ்கிறது, ட்ரவுட் இறைச்சி தின்னும் மீன். பழைய தடியின் ஆசைக்காகப் புதிய ஓடைகளில் ட்ரவுட் விடும் யோசனைக்கு இடமே கொடுக்கக்கூடாது.

கொழும்பைச் சுற்றி, அனுமதியுள்ள குளங்களில் திலாப்பியா போதும். 1950களின் தொடக்கத்தில் இங்கு கொண்டுவரப்பட்ட இந்த மீன் கரையோரம் மேய்வதால் எட்டு மீற்றர் எறிந்தாலே எட்டும். விராலுக்கு ஏழாம், எட்டாம் எண் கண்ணாடித் தடி தாங்கும், ஆனால் தாமரைக் கொடிக்குள் ஓடும் விராலை நிறுத்த மென்மையான தடியால் முடியாது. நீர்கொழும்புக் களப்பில் பாரை, கொடுவாவுக்குக் காற்றை எதிர்த்து எறியவேண்டும். அங்கே காபனே சரி.

நூல்: எழுத்தும் எண்ணும் பவுணும்

அதிகம் பிழைக்கும் இடம் இதுதான். தடி சொத்தை என்று ஒதுக்கப்படுவதில் பெரும்பாலானவை நூல் பிழைத்த தடிகள்.

1961க்கு முன் நூலை அதன் தடிப்பால் குறித்தார்கள். ‘ஏ’ என்றால் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 60 பங்கு. அடுத்தடுத்த எழுத்துக்கு ஐந்து பங்காகக் குறையும். அதன்படி ‘டி’ 45, ‘எச்’ 25. ‘எச்-டி-எச்’ என்றால் இரு முனையும் 25, நடுவயிறு 45 உள்ள, இரு பக்கமும் ஒடுங்கும் நூல். நூல் எல்லாம் பட்டாக இருந்தவரை தடிப்புத் தெரிந்தால் பாரமும் தெரியும். நைலோன், பிளாஸ்டிக் பூச்சு நூல் வந்ததும் ஒரே தடிப்பில் பாரம் வேறுபட்டது. எழுத்துக்குப் பொருள் போயிற்று. 1961இல் அமெரிக்கத் தூண்டிற் சாமான் உற்பத்தியாளர் சங்கம் முதல் 30 அடி நூலின் பாரத்தை வைத்து எண் கொடுத்தது. இன்றும் அதே முறைதான்.

பழைய எழுத்துக்கு இன்றைய எண் ஏறத்தாழ இப்படி வரும்:

1. எச்-இ-எச்: ஐந்தாம் எண்
2. எச்-டி-எச்: ஆறாம் எண்
3. எச்-சி-எச்: ஏழாம் எண்

முதல் 30 அடியின், அதாவது 9.14 மீற்றரின், பாரம்:

1. நான்காம் எண்: 7.8 கிராம்
2. ஐந்தாம் எண்: 9.1 கிராம்
3. ஆறாம் எண்: 10.4 கிராம்
4. ஏழாம் எண்: 12.0 கிராம்
5. எட்டாம் எண்: 13.6 கிராம்

ஒரு பவுண் 8 கிராம் என்று நமக்குத் தெரியும். நான்காம் எண் நூல் ஒரு பவுணுக்குச் சற்றுக் குறைவு, எட்டாம் எண் ஒன்றே முக்காலுக்குச் சற்றுக் குறைவு. இந்த ஒப்பீட்டை வேண்டுமென்றே சொல்கிறேன். ஏனெனில் இன்று விற்கும் நூல்களில் பல, பெட்டியில் எழுதிய எண்ணைவிட அரை எண், ஓர் எண் கூடப் பாரமாகச் செய்யப்படுகின்றன. விறைத்த காபன் தடியை வளைப்பதற்காக. அதை அப்படியே மென்மையான கண்ணாடித் தடியில் போட்டால் தடி குழைந்துவிடும். பெட்டியை நம்பாமல் நிறுத்துப் பாருங்கள். செட்டியார் தெரு நகைக்கடைத் தராசு இதற்குப் போதுமானதிலும் மேல்.

நிறுக்கும் விதம்: நுனியில் ஒரே தடிப்பாக இருக்கும் சில அங்குலத்தை விட்டு, அங்கிருந்து 9.14 மீற்றர் அளந்து நூலில் பேனையால் அடையாளமிடுங்கள். அந்தப் பகுதியை மட்டும் உள்ளங்கையளவு வட்டமாகச் சுருட்டித் தட்டில் வையுங்கள். மிச்ச நூலுள்ள றீலைத் தட்டின் மட்டத்துக்கே உயர்த்தித் தட்டுக்கு அருகில் வைக்கவேண்டும். தாழ வைத்தால் தொங்கும் நூலின் பாரமும் தராசில் ஏறிவிடும்.

தடியில் ஒரு குறியும் இல்லையென்றால் ஆறாம் எண் நூலில் தொடங்குங்கள். எட்டு மீற்றர் நூலைக் காற்றில் வைத்து முன்னும் பின்னும் வீசும்போது தடியின் மேற்பாதி வளைந்து, கைப்பிடிக்கு மேலுள்ள பகுதி சற்று அசைந்தால் பொருத்தம். நுனி மட்டும் வளைந்தால் ஓர் எண் கூட்டுங்கள். கைப்பிடிக்குள்ளேயே வளைவு இறங்கினால் ஓர் எண் குறையுங்கள். இரு பக்கமும் ஒடுங்கும் நூலே கண்ணாடிக்கு ஏற்றது. முன்பாரம் கூடிய நூல் தூரத்துக்கு. இங்கே தூரம் நோக்கமில்லை.

வெப்பநிலையும் ஒரு காரணி. குளிர்நாட்டு நூல் கொழும்பின் 30 பாகை வெப்பத்தில் இளகி, தடியில் நூல் ஓடும் வளையங்களான கண்களில் ஒட்டும். வெப்பநாட்டு நூல் நுவரெலியாவின் காலைக் குளிரில் றீலில் இருந்த சுருளாகவே விறைத்து நிற்கும். இரண்டு இடத்துக்கும் ஒரே நூலை எதிர்பார்க்காதீர்கள்.

எறியும் நேரம்

காபன் தடிக்குப் பழகிய கை கண்ணாடியில் அவசரப்படும். பின்வீச்சு விரியுமுன்னே முன்வீச்சைத் தொடங்கினால் சவுக்கடிபோல் சத்தம் வந்து ஃபிளை அறுந்து போகும். தொடக்கத்திலேயே பலத்தைக் கொட்டினால் நுனி அளவுக்கு மீறிக் குழைந்து, மேல்நூல் கீழ்நூலை வெட்டிக்கொண்டு விழும். தங்கூசியில் காற்றுமுடிச்சு விழுவது அதனால். வீச்சின் வளைவை அகலமாக்கி, மெல்லத் தொடங்கி, முடிவில் மட்டும் விரைவாக்கி நிறுத்தவேண்டும். நிறுத்திய பின் தலையைத் திருப்பி, நூலின் மடிப்பு முழுதாக விரிவதைக் கண்ணால் பார்த்தபின் முன்னே கொண்டுவாருங்கள். புல்தரையில், கொக்கி இல்லாமல் கம்பளிநூல் துண்டொன்றைக் கட்டி, அரை மணி நேரம் பழகினால் கை பிடித்துக்கொள்ளும்.

எடுக்க முன் பார்க்கவேண்டியவை

1. *துண்டுகளின் நீளம்.* அந்தக் காலத் துண்டுகள் பெரும்பாலும் ஒரே நீளம். நுனித்துண்டு சில அங்குலம் குறைந்தால் எப்போதோ முறிந்து, நுனிக்கண் மீண்டும் பொருத்தப்பட்டிருக்கிறது. இரண்டு அங்குலம்வரை குறைந்தால் பாவனைக்குப் பிழையில்லை. சேகரிப்பவருக்கு மதிப்பு குறையும்.

2. *வெறுந்தடி.* நகத்தால் தட்டியதுபோன்ற வெள்ளைப் புள்ளி, நட்சத்திர வடிவத் தழும்பு தெரிந்தால் உள்ளே இழைகள் ரெசினை விட்டுப் பிரிந்திருக்கின்றன. மெல்ல வளைத்துக் காதருகே வையுங்கள். நறநறவென்றால் வாங்காதீர்கள்.

3. *கண்கள்.* சிறு பஞ்சை ஒவ்வொரு கண்ணுக்குள்ளும் இழுங்கள். இழை சிக்கினால் நூல் உரசி உலோகத்தில் வெட்டுத்தடம் விழுந்திருக்கிறது. நுனிக்கண்ணில்தான் முதலில் வரும். அப்படியே பாவித்தால் புதிய நூலின் பூச்சு சில நாளிலேயே சீவப்பட்டுவிடும்.

4. *மூட்டு.* கண்ணாடிக் கட்டை செருகும் மூட்டானால், இறுக்கிப் பொருத்தியபின் இரண்டு துண்டுக்கும் இடையே சிறு இடைவெளி தெரிவது நல்லது. இடைவெளியே இல்லாமல் முட்டினால் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். உலோக மூட்டானால் பொருத்தி ஆட்டும்போது ‘டிக்’ என்ற சத்தம் வரக்கூடாது.

5. *உள்ளே வெற்றா, திண்மமா.* அடிப்பக்கம் கழன்றிருந்தால் பாருங்கள். திண்மக் கண்ணாடித் தடி மலிவான கடல் தூண்டிலுக்குச் செய்தது. ஃபிளை நூலுக்கு உதவாது.

திருத்தம்: மூட்டு

இறுகிய உலோக மூட்டை முறுக்கித் திறப்பதுதான் பழைய தடிகளின் முதல் எமன். கண்ணைப் பிடித்து முறுக்கினால் கண் பிடுங்கும். தடியைப் பிடித்து முறுக்கினால் குழாயின் சுவர் நெடுக்காகப் பிளக்கும். ஆண்மூட்டும் பெண்மூட்டும் சேரும் வளையத்தில் துருநீக்கி எண்ணெய் இரண்டு துளி விட்டு ஓர் இரவு நிறுத்தி வையுங்கள். மறுநாள் ஆண்மூட்டு இருக்கும் துண்டைப் பனிக்கட்டியால் ஐந்து நிமிடம் குளிரவைத்து, இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஆளுக்கொரு கை ஒவ்வொரு துண்டிலும் இருக்கும்படி பிடித்து, நேர்கோட்டில் இழுக்கவேண்டும். நெருப்புக் காட்டவேண்டாம். வார்னிஷ் கருகும்; மூட்டைத் தடியோடு பிடித்திருக்கும் பழைய பசை இளகி மூட்டே கழன்றுவிடும்.

திறந்ததும் உள்ளே பச்சைக்களிம்பு இருந்தால் மதுசாரம் தோய்த்த பஞ்சால் துடைத்தாலே போதும். மண்கடதாசி போட்டால் உலோகம் தேயும், பிறகு தளர்ச்சிக்கு மருந்தில்லை. தளர்ந்த உலோக மூட்டை நகைத்தொழிலாளி ஒருவர் மெதுவாக ஒடுக்கிக் கொடுக்கலாம். ஆனால் தடியிலிருந்து கழற்றிய பின்னரே அவர் கையில் கொடுங்கள். பற்றவைப்புச் சுடரின் வெப்பத்தைக் கண்ணாடிக் குழாய் தாங்காது. கண்ணாடி மூட்டுக்கு மெழுகுதிரியை நாலு கோடு தேய்த்தால் பிடிப்பும் வரும், தேய்மானமும் குறையும்.

திருத்தம்: கண் கட்டுதல்

1. ஒவ்வொரு கண்ணும் நுனியிலிருந்து எத்தனை அங்குலம் என்று முதலில் எழுதிவையுங்கள். படமும் எடுங்கள்.

2. பழைய நூற்கட்டை வெட்டும்போது பிளேடு கண்ணின் உலோகப் பாதத்தின் மேல் மட்டும் ஓடவேண்டும். தடியின்மேல் மயிரிழைக் கீறல் விழுந்தாலும் வளையும்போது அங்கேதான் முறியும்.

3. புதிய கண்ணின் பாத நுனியை அரத்தால் கத்தி விளிம்புபோல் மெலிவாக்கி, அடியில் பிசிறு இல்லாமல் தேயுங்கள்.

4. மெல்லிய நைலோன் தடிநூல் பாவியுங்கள். தையற்கடைப் பருத்தி நூல் பஞ்சு கிளப்பி வார்னிஷை உறிஞ்சி வீங்கும். பாதத்துக்கு அரை சென்ரிமீற்றர் முன்பாகத் தொடங்கி, நூலின் வால்முனையின் மேலேயே ஐந்தாறு சுற்றுப் போட்டு அதைப் பூட்டுங்கள். தடியை உருட்டி, சுற்றுக்குச் சுற்று இடைவெளியின்றி ஏறுங்கள்.

5. முடிய எட்டுச் சுற்று இருக்கும்போது, இரண்டாக மடித்த தனி நூற்கண்ணி ஒன்றைக் கட்டுக்கு அடியில் வைத்துச் சுற்றுங்கள். கடைசி முனையைக் கண்ணிக்குள் விட்டு இழுத்தால் முடிச்சில்லாமல் உள்ளே மறையும். கரண்டியின் முதுகால் தேய்த்து இடைவெளிகளை மூடுங்கள்.

6. பூச்சுக்கு எப்பொக்சி என்றால் இரண்டு பாகத்தையும் தனித்தனி ஊசிக்குழலால் சம அளவு எடுங்கள். மூன்று மில்லிலீற்றருக்குக் குறையக் கலந்தால் சிறு பிழையும் பெரிதாகி, பூச்சு என்றைக்கும் இறுகாது. இரண்டு நிமிடம் மெதுவாகக் கலக்கி அலுமினியத் தாளில் பரப்புங்கள். குமிழ் வெளியேறும், சூடேறி விரைவில் இறுகுவதும் குறையும். பூசியபின் முதல் இரண்டு மணி நேரம் தடியைச் சில நிமிடத்துக்கொருமுறை அரைச்சுற்று திருப்பாவிட்டால் ஒரு பக்கம் தொங்கி நிற்கும்.

கொழும்பின் மழைநாளில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். ஈரக்காற்றில் எப்பொக்சியின் மேல் எண்ணெய்ப் பசைபோன்ற மங்கல் படலம் ஏறும். குளிரூட்டிய அறை நல்லது. படலம் வந்துவிட்டால் முற்றாக இறுகியபின் சவர்க்காரத் தண்ணீரால் கழுவித் துடைக்கவேண்டும். அதன்மேல் அப்படியே அடுத்த பூச்சைப் போட்டால் உரிந்துவரும். 1950களின் தடிக்கு வார்னிஷ் மெல்லிய மூன்று பூச்சே தோற்றத்துக்குப் பொருந்தும் என்பது என் கணிப்பு.

படகு ரெசின் வேண்டாம்

கண்ணாடியிழை என்றதும் மட்டக்குளி, நீர்கொழும்புப் பக்கத்துப் படகு திருத்துமிடங்கள் நினைவுக்கு வருவது இயல்பு. அவர்கள் வேலையில் கெட்டிக்காரர்கள். ஆனால் படகுக்குப் பாவிப்பது பொலியெஸ்டர் ரெசின். இறுகிக்கிடக்கும் பழைய பீனோலிக் மேற்பரப்பில் அது சரியாகப் பிடிக்காது. பிடித்தாலும் ஒரு கேடு உண்டு: தடித்த ஒட்டு அந்த இடத்தை மட்டும் விறைப்பாக்கும், வளைவின் அழுத்தமெல்லாம் ஒட்டின் விளிம்பில் குவியும். அடுத்த முறிவு ஒட்டுக்கு ஒரு விரற்கடை தள்ளி நிகழும்.

முறிந்த தடியைச் சேர்க்க, உட்குழாய்க்குள் சரியாக நுழையும் மற்றொரு கண்ணாடித் தடித்துண்டு வேண்டும். முறிவுக்கு இரு பக்கமும் ஏழு சென்ரிமீற்றர் அளவு உள்ளே போகவேண்டும். அதன் இரு முனைகளையும் மெலிவாகச் சீவினால்தான் விறைப்பு படிப்படியாக மாறும். மெதுவாக இறுகும் எப்பொக்சியால் ஒட்டி, வெளியே முறிவின்மேல் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் நூல் சுற்றுங்கள். மீன் பிடிக்கப் போதும். விலைக்கு விற்பதானால் ஒட்டு இருப்பதைச் சொல்லித்தான் விற்கவேண்டும்.

தக்கையும் ஈரமும்

தக்கைப் பிடியைப் பாத்திரம் கழுவும் சவர்க்காரமும் மென்மையான பஞ்சும் கொண்டு துடைத்தாலே பழைய அழுக்குப் போய்விடும். பளபளப்புக்காகத் தேய்த்துப் பிடியின் வடிவத்தை மெலிவாக்காதீர்கள். பள்ளங்களைத் தக்கைத்தூளும் மரப்பசையும் குழைத்து அடைத்து, காய்ந்தபின் அந்த இடத்தை மட்டும் மட்டமாக்குங்கள்.

மழையில் நனைந்த தடியை அலுமினியக் குழாய்க்குள் மூடி வைத்தால் ஒரு வாரத்தில் தக்கையில் பூஞ்சணம் படரும், வார்னிஷ் கொப்புளிக்கும், இரும்புக் கண்ணின் அடியில் துரு தொடங்கும். துடைத்து, துணியுறையில் போட்டு, ஓர் இரவு விசிறிக் காற்றில் தொங்கவிட்டபின்தான் குழாய். குழாயின் மூடியைச் சற்றுத் தளர்த்தி, உள்ளே ஈரமுறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்று. களப்பில் பாவித்தால் அதற்கு முன் நல்ல தண்ணீரில் கழுவவேண்டும். சுவரில் சாய்த்து வைப்பதையும், வெயிலில் நிற்கும் காருக்குள் விடுவதையும் தவிருங்கள். வருடக்கணக்கில் சாய்ந்து நின்ற நுனித்துண்டு அந்தச் சாய்விலேயே நிலைத்துப்போன தடிகள் உண்டு.

கடைசியாக இடி மின்னல். காபன் மின்னைக் கடத்தும், கண்ணாடியிழை கடத்தாது என்பது உண்மை. ஆனால் நனைந்த தடிக்கும் நனைந்த நூலுக்கும் அந்த வித்தியாசத்தை நம்பக்கூடாது. சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் வானம் இருட்டினால் எந்தத் தடியானாலும் மடித்துக்கொண்டு கரையேறுங்கள்.